சிகோங் அர்ச்சுனன்

சிகோங் என்ற சீனக் குடும்பப்பெயருக்கு மலேசியாவில் மிச்சமிருந்தது ஒரே ஆள், ஈப்போவில் என் பக்கத்து வீட்டு யுவே லான். பழைய சீனத்தில் அணைகளையும் சாலைகளையும் கவனித்த அமைச்சரின் பதவிப் பெயராம் அது. நானோ பொதுப்பணி இலாகாவில் முப்பத்தெட்டு வருடம் சாலைக்குழி மூடியவன். நான் மூடிய குழிகளை அடுக்கினால் நிலாவைத் தொடும். அந்தப் பெயருக்கு என்னைவிடப் பொருத்தமானவன் எவன்?

எங்களுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அவளுக்கு எழுபது, எனக்கு எழுபத்திரண்டு. அழியப்போகும் பெயர்களை யாரும் தத்தெடுக்கலாம் என்று பதிவகம் அறிவித்ததும் ஓடிப்போய் விரல் வைத்தேன். இரண்டே நிமிடத்தில் நான் சிகோங் அர்ச்சுனன். சாகும்வரை மாற்ற முடியாதாம். மாற்றுவேனா என்ன?

புது அடையாள அட்டையை லான் முன்னால் வைத்தேன். சந்தோஷத்தில் மயங்கி விழுவாள், தாங்கிப் பிடிக்கலாம் என்று கைகளை நீட்டியபடியே நின்றேன்.

படித்தாள். மறுபடியும் படித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"யோவ், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"உன் பேரு அழியக்கூடாதுன்னுதான், லான்."

"ஒரே பேருக்காரங்க நாங்க கட்டிக்க மாட்டோம்யா. அண்ணன் தங்கச்சி முறை. உங்காளுங்க பங்காளி வீட்டுல பொண்ணு எடுப்பாங்களா?"

எனக்கு நீட்டிய கைகளை மடக்கக்கூடத் தோன்றவில்லை.

அவள் எழுந்து உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தாள். இத்தனை வருடமும் கோப்பையை ஒற்றைக் கையால் என் பக்கம் தள்ளிவிடுவாள். இன்று இரண்டு கைகளாலும் ஏந்தி, தலை குனிந்து நீட்டினாள்.

"குடிங்க, அண்ணே."