குன்ஸா ஒரு நம்பர்

"குன்ஸா ஒரு நம்பர் சொல்லு பவானி. தப்பாப் போனா... இன்னா இப்போ? அயிச்சுட்டு வேற சொல்லு."

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் மூன்று மாடி ஏறி வந்த ஜெரின் மிஸ், மூச்சு வாங்க வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே பவானியும் அவள் அப்பா கருணாகரனும் பாயில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டோவும் பைக்குமாகப் பன்னிரண்டு வண்டி. மொத்தம் இருபத்தொன்பது சக்கரம். ஆட்டோ எத்தனை?

"பத்து, நைனா."

கருணாகரன் விரலை மடக்கினார். "பத்து ஆட்டோன்னா... முப்பது சக்கரம். ஆட்டோவே... தாண்டிகினு பூட்ச்சே. கொற."

"அப்போ ரெண்டு?"

"ரெண்டு ஆட்டோக்கு ஆறு. பைக்கு பத்து... இருவது. இருவத்தாறு. பத்தல. ஏத்து."

"எட்டு?"

ஜெரினுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த மனுஷனுக்கு வேறு வாய் குழறியது. சாயங்காலம் நாலு மணிக்கே ஊற்றிக்கொண்டாரா என்று முகத்தைச் சுளித்தாள்.

அதைவிடப் பெரிய எரிச்சல் பவானி மேல்தான். மாவட்டக் கணக்குப் போட்டிக்குப் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பிள்ளை. ஹெட்மிஸ்ட்ரஸிடம் மல்லுக்கட்டி இவள் பெயரைச் சேர்த்துவிட்டு, வீட்டில் சம்மதம் கேட்க வந்தால் இந்த லட்சணம். டெஸ்டில் நூற்றுக்கு நூறு வாங்கியதெல்லாம் பார்த்து எழுதியதா?

"பவானி, வெளியே வா."

"வாங்க... மிஸ்ஸு, உள்ள வாங்க." கருணாகரன் சுவரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார்.

"பரவாயில்ல, உட்காருங்க. ரெண்டு நிமிஷம்."

பவானியை மாடிப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "கிளாஸ்ல யாரைப் பார்த்து எழுதுற? உண்மையைச் சொல்லு."

"யாரையும் பாக்கல மிஸ்."

"சரி. கோழியும் ஆடும் சேர்த்து இருபது தலை, ஐம்பத்தாறு கால்..."

"எட்டு ஆடு, பன்னெண்டு கோழி மிஸ்."

கேள்வி இன்னும் ஜெரின் வாயில்தான் இருந்தது. சந்தோஷப்பட வேண்டியவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்போ உள்ளே என்ன கூத்து? அந்த மனுஷன் உசுரைக் கொடுத்துச் சொல்லித் தர்றாரு, நீ விளையாட்டு காட்டுறியா? பெத்த அப்பனை ஏமாத்துறியே, வெக்கமா இல்ல? இரு, அவர்கிட்டயே சொல்றேன்."

பவானி ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். கண் கலங்கிவிட்டது.

"வேணாம் மிஸ். போட்டிலேர்ந்து வேணா என் பேரை எடுத்துடுங்க. எனக்குக் கணக்கு வரும்னு மட்டும் நைனாகிட்ட சொல்லிடாதீங்க."

ஜெரினுக்கு ஒன்றும் புரியவில்லை. யாராவது இப்படிக் கெஞ்சுவார்களா?

உள்ளேயிருந்து கருணாகரனின் குரல் மட்டும் வந்தது. "அஞ்சு ஆட்டோன்னா... பதினஞ்சு. பைக்கு ஏயு... பதினாலு. இருவத்தொம்பது... பவானி! வந்துட்ச்சு பவானி! அஞ்சு ஆட்டோ!"

போட்டியில் முதல் பரிசு வாங்கினால்கூட பவானியின் முகம் அப்படி மலர்ந்திருக்காது. "தோ வரேன் நைனா!" என்று குரல் கொடுத்துவிட்டு, ஜெரின் காதோரம் மெதுவாகச் சொன்னாள் பவானி:

"ட்ரெய்லர் லாரிலேர்ந்து வியுந்து நைனாக்கு மண்டைல அடி மிஸ். பேச்சு, கணக்கு எல்லாம் பூட்ச்சு. தெனம் கூட்டிக் கயிச்சாதான் பயையபடி வரும்னு டாக்டர் சொல்லிகீறாரு. போடச் சொன்னா, 'நான் இன்னா கொயந்தையா'ன்னு கோச்சுக்குது. எனக்குத் தெரியலன்னு சொன்னாதான் மிஸ், சொல்லித் தர உக்காருது."