அதிகாரி சொன்ன பதில்

ஊருக்குப் பக்கத்தில் இருந்த வெளிநாட்டுப் படைத்தளத்தில், உள்ளூர் நிருபர்களுக்கு ராணுவ ஹெலிகாப்டரைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

“என் பையனோட பள்ளிக்கூடத்துக்கு மேல இது தினமும் பறக்குது. எப்பவாவது விழுந்திருக்கா?” என்று கேட்டாள் ஒரு பெண் நிருபர்.

வெளிநாட்டு அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டுத் தன் மொழியில் வெகுநேரம் பேசினார்.

அரசாங்க மொழிபெயர்ப்பாளர் சிரித்தார். “ஒரு தடவைகூட விழலையாம். நிம்மதியா இருங்கம்மா.”

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

“அவ்வளவுதான் சொன்னாரா சார்?” என்றாள் அவள்.

“அவ்வளவேதான்.”

அவள் அதிகாரியின் நாட்டில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் என்பது மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாது. சக நிருபர்கள் பக்கம் திரும்பினாள்.

“எழுதினதை அடிச்சிடுங்க. ரெண்டு விழுந்திருக்கு. பாதையை மாத்தச் சொல்லி இந்த அதிகாரி மூணு கடிதம் போட்டாராம். நம்ம அமைச்சகம்தான் வாயே திறக்கலையாம்.”