இருநூற்றுப் பதினான்கு நீலத் தொட்டிகள்

"திருப்பிப் போடும்மா. கடல் பக்கத்துலேர்ந்து பார்க்கிற மாதிரி."

குவாக் மேனேஜருக்கு அது ஒரு பட்டனை அழுத்துகிற வேலை.

மேலே ஒரு மூலையிலிருந்து பார்ப்பது போல வரையும் ஐசோமெட்ரிக் வரைபடம் சுற்றிக் காட்டுகிற பொம்மை இல்லை. பக்கம் மாறினால் ஒவ்வொரு சுவரையும் மறுபடி வரைய வேண்டும்.

ஹேவொன் வரைந்தாள். கொரியாவின் பூசான் நகரில் புதிதாக எழும் மூன்று அடுக்குமாடிகளின் விற்பனை அரங்கில் மாட்டப்போகிற படம். கடல் பக்கத்திலிருந்து பார்த்தால் முன்னால் நாற்பத்திரண்டு மாடி. பின்னால் மலைச்சரிவு வீடுகள் ஒன்றுகூடத் தெரியாது.

அதற்காகத்தான் திருப்பச் சொன்னார்கள்.

இந்த மாதிரிப் படத்தை எப்போதும் பின்னாலிருந்துதான் தொடங்குவாள். சரிவில் இருநூற்றுப் பதினான்கு வீடுகள். ஒவ்வொரு கூரையிலும் நீலத் தண்ணீர்த் தொட்டி. துணிக்கொடி. மிளகாய் காயும் தட்டு.

"மறையப் போற வீட்டுக்கு ஜன்னல் ஒரு கேடா?" என்றார் குவாக்.

அவள் நிமிரவில்லை. மறைப்பது அவர்கள் பாடு. இருக்கிறதை இல்லாத மாதிரி வரைய அவளுக்கு வராது.

தவிர, இந்தப் படத்தில் தூரத்தில் இருப்பது சிறுத்துப் போகாது. முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஒரே அளவு. உலகத்தில் வேறெங்கே அப்படி?

வெள்ளிக்கிழமை கட்டுமானக் கம்பெனி டைரக்டர் பியோ வந்தார். அடுக்குமாடிகளைப் பார்த்துத் தலையாட்டினார்.

குவாக்குக்குப் பெருமை தாங்கவில்லை. "பின்னாடிகூட விட்டுவைக்கல சார், பாருங்க" என்று மவுஸைத் தட்டினார். அடுக்குமாடிகள் மட்டும் இருந்த லேயர் அணைந்தது.

திரை முழுக்க மலை.

ஹேவொனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பாருங்கடா.

பியோ பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அட, இது போதுமே! ரெண்டாவது கட்டத்துல இடிக்க வேண்டியது அத்தனையும் அளந்து வச்ச மாதிரி இருக்கு. தனியா ஆள் அனுப்ப வேணாம்."

அவள் கை மேசை விளிம்பைப் பிடித்தது. ஒரு வீட்டையாவது அரைகுறையாக விட்டிருக்கலாம்.

பியோவின் விரல் கடைசி வரிசையில் நின்றது. "நாங்க குடுத்த டிரோன் படத்துல இங்க வெறும் தார்ப்பாய்தானே? அடியில படிக்கட்டு இருக்குன்னு எப்படிம்மா தெரியும்?"

"ஏழு படி சார். நாலாவது உடைஞ்சிருக்கும், பார்த்து ஏறணும்."

"ஓ, நேர்ல போய்ப் பார்த்தீங்களா?"

"இன்னிக்கும் போவேன். நான் போற வரைக்கும் அம்மா கதவைச் சாத்த மாட்டாங்க."



குவாக் மேனேஜர் அவசரமாக மவுஸைத் தட்டினார். மூன்று அடுக்குமாடிகளும் ஒரே நொடியில் எழுந்து நின்றன.