அழித்தாலும் வரும் பாட்டு

மாமனாரின் பாட்டு பிளேயர் பாதிப் பாட்டில் படுத்துக்கொண்டது. பாரம் குறையட்டும் என்று மருமகள் பழைய பாட்டுகளை அழித்தாள். மறுநாளே அத்தனையும் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன.

“அந்த ஒப்பாரிய ஒழிச்சுக் கட்டும்மா. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு” என்று மாமியார்தான் அவளை ரிப்பேர் கடைக்கு விரட்டினார்.

கடைக்காரர் சோதித்துவிட்டுச் சிரித்தார்.

“பிளேயர்ல ஒரு கோளாறும் இல்லீங்க. நீங்க அழிச்சது அழிஞ்சுதான் போச்சு. யாரோ மறுபடி ஏத்துறாங்க. அதுவும் ஒரே பாட்ட நாலு தடவ. இடமில்லாமத்தான் நின்னுபோகுது.”

மாமனாருக்கு அதை ஆன் பண்ணவே ஆள் வேண்டும். அப்படியென்றால் அப்பா பிள்ளையான கணவனின் வேலைதான்! எல்லாப் பாட்டையும் அழிக்கச் சொல்லி பிளேயரை வாங்கிக்கொண்டு, அவன் வரட்டும் என்று கறுவியபடி வீடு திரும்பினாள்.

சாயங்காலம் துணி மடிக்க அறைக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கம்ப்யூட்டரில் பிளேயரைச் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தவர் மாமியார்.

“அத்தை, நீங்களா?”

“சத்தம் போடாத! பாட்டு ஓடுற வரைக்கும்தான் உங்க மாமா கூடத்துல கண்ண மூடிக் கிடப்பாரு. நின்னா நேரா அடுப்படிக்கு வந்து, வெங்காயம் நறுக்குறது எப்படின்னு எனக்கே பாடம் எடுப்பாரு.”

“அப்புறம் ஏன் ஒப்பாரின்னு திட்டினீங்க?”

“நல்லாருக்குன்னு சொன்னா, கூடவே உக்காந்து கேக்கச் சொல்வாரே!”

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. காலடிச் சத்தம் அடுப்படியை நோக்கிப் போனது.

மருமகள் ஓசைப்படாமல் கதவைச் சாத்தினாள்.

“சீக்கிரம் ஏத்துங்க அத்தை!”