யமுனாவுக்கு உடம்பு முடியலை

"நான் வந்து மூணு நாளாச்சு. உன் பொண்டாட்டி இன்னும் கட்டிலை விட்டு எறங்கலையே அஜிதா!"

ஊருக்குக் கிளம்பிய பத்மினி, பையோடு படுக்கையறை வாசலில் நின்றாள். மருமகள் யமுனா படுத்தபடியே, பக்கத்து நாற்காலியில் இருந்த கணவன் அஜிதனின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"சோர்வு ஜாஸ்திம்மா. வயிறும் சரியில்ல. நரம்பு டாக்டர்தான் பாக்கறாரு."

"வயித்துக்கு நரம்பு டாக்டரா?"

"வயித்துக்கும் மூளைக்கும் தொடர்பு இருக்காம்."

"எனக்கே சொல்றியா? உங்கப்பாவுக்கும் முதல்ல வயிறுதான் கட்டிக்கிச்சு. அப்புறம் அசதி. கை நடுக்கம் அதுக்கும் அப்புறம். வருஷக் கணக்கா தூக்கி உக்காரவெச்சு, கழுவிவிட்டு என் இடுப்பே போச்சு. இன்னொரு தடவைன்னா உசிரு தாங்காது. இவளுக்கு என்ன கேடு? நல்லாத்தானே இருக்கா!"

மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள். பத்மினி என்னவோ மெச்சத்தான் வந்தாள். மூன்று நாளில் மனசு விட்டுப்போயிற்று.

"நேத்து ராத்திரி தண்ணி குடிச்சது யாரு?"

"நான்தான் அத்தை. மாத்திரை போட்டேன்."

"நாம ஜைனருங்கடி! பொழுது சாஞ்சா பச்சைத் தண்ணி தொடக்கூடாது. உங்க மாமா சாகற அன்னிக்குக்கூட நாக்கு வறண்டு கிடந்தாரே தவிர, கேக்கலை."



"அம்மா, அது வந்து..." அஜிதன் வாயெடுத்தான். யமுனா அவன் கையை அழுத்தினாள். அவன் அடங்கிவிட்டான்.

"பாத்தியா? உன்னைப் பேசவும் விடலை, எழுந்திரிக்கவும் விடலை. மாமியார் எதிர்ல புருஷன் கையைப் பிடிச்சிக்கிட்டு... வெக்கமா இல்ல? அடுத்த தடவை நான் வரப்ப இவ அவங்கம்மா வீட்ல இருக்கணும். இல்லன்னா இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்."

இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சாப்பிட்டாக வேண்டும். வேங்கிக்கால் பஸ் நிறுத்தத்துக்குப் போக ஆட்டோ வாசலில் வந்து நின்றது. பெற்ற மகன் வாசல்வரைகூட வரவில்லை. பத்மினி அழுதுகொண்டேதான் ஏறினாள்.

ஆட்டோ சத்தம் ஓய்ந்ததும் யமுனா சட்டென்று எழுந்தாள். அஜிதனை இடுப்போடு அணைத்துத் தூக்கி, கட்டிலில் படுக்க வைத்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிடலாம் யமுனா. உனக்கு ஏன் இந்தப் பேச்செல்லாம்?" என்றான், கை கால் நடுங்க.

"வேணாங்க. மாமாவைத் தூக்கின கை, உங்களையும் தூக்க வேணாம். அத்தை என்னையே திட்டிட்டுப் போகட்டும்."