ஒட்டடைக் குச்சித் துடுப்பு

பிள்ளையார்பாளையத்து மாடி அறையில், ஜன்னல் கம்பிகளின் நிழல் தன்ஷிகாவின் முகத்தில் கோடு கோடாக விழுந்திருக்கிறது. தலையில் பிளாஸ்டிக் குடத்தை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறாள். எதிரே தரையில் உட்கார்ந்து அவள் அம்மா மேகலா அவளைப் பார்த்து வரைகிறாள். ஸ்வாஹிலியிலிருந்து தமிழுக்கு வரப்போகும் ஒரு சிறுவர் கதைக்கான படங்கள். கீழ்வீட்டுத் தறியின் சத்தம் சுவர் வழியே ஏறிவந்து, தூரிகை கழுவிய டம்ளர் தண்ணீரை நடுங்க வைக்கிறது. நாற்காலியைப் படகாகவும் ஒட்டடைக் குச்சியைத் துடுப்பாகவும் வைத்துக் கொஞ்ச நேரம் நின்ற தம்பி கிரிக்கெட் ஆட ஓடிவிட்டான். குச்சி நாற்காலிமேல் கிடக்கிறது. தாளில் அவன் இன்னும் புயலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான்; கடலின் நீலம் காய்ந்துவிட்டது.

“கை வலிக்குதும்மா.”

“தோ, முடிஞ்சிடுச்சு கண்ணு.”

“போன புக்குலயும் என்னைத் தண்ணி தூக்கத்தான் வெச்ச. நான் எப்பம்மா படகு ஓட்றது?”

“கதையில அப்படித்தான்டி இருக்குது.”

மேகலாவின் பென்சில் நிற்கிறது. கதையில் அப்படி இல்லை. துடுப்பைப் பிடித்துத் தம்பியைக் கரைசேர்ப்பவள் அக்காதான். காலையில் படித்தபோது அந்த இடம் மேகலாவுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் வரைய உட்கார்ந்து, துடுப்புப் பிடிக்க ஆள் வேண்டும் என்றதும் வாய் மகனைத்தான் கூப்பிட்டது. நாளைக்குப் படங்களை அனுப்ப வேண்டும். அவள் மகளைப் பார்க்காமல் பென்சிலைச் சீவுகிறாள். அது ஏற்கெனவே கூராகத்தான் இருக்கிறது.

“சரிம்மா” என்ற தன்ஷிகா, நழுவிய குடத்தை இரண்டு கையாலும் பிடித்து நேராக்கிக்கொள்கிறாள். “இப்ப கரெக்டா இருக்குதா?”