ஒரு துண்டு போதும்

"பிராஸ்டேட்லேர்ந்து ஊசியால எடுத்த துண்டு சுத்தமா இருக்கு, பாய். கேன்சர் இல்ல" என்றார் வேலூர் டாக்டர் தணிகைவேல்.

ஃபரீதாவுக்குப் போன உயிர் திரும்பியது. அவள் கணவர், நாணயத்துக்குப் பேர்போன ஆம்பூர் தோல் வியாபாரி முனீர் அகமதுவின் முகம்தான் தெளியவில்லை.

"எத்தினி துண்டு எடுத்தீங்க?"

"ஒண்ணுதான். விரலால தடவிப் பாத்து எடுத்தேன்."

"மெட்ராஸ்ல ஸ்கேன்ல பாத்துக்கினே எடுக்கறாங்களாமே. அங்கயே எழுதிக் குடுங்க. நாலு எடத்துல எடுக்கட்டும்."

"டாக்டரையே நம்ப மாட்டீங்களா?" என்று கடிந்தாள் ஃபரீதா.

டாக்டர் சிரித்தார். "நீங்க அனுப்பற ஒரே ஒரு சாம்பிள் துண்டப் பாத்துட்டுத்தானே, பாய், ஜெர்மனிக்காரன் லோடு லோடா தோல் வாங்கறான்?"

முனீர் குரலைத் தாழ்த்தினார்.

"அதான் டாக்டர் பயமா இருக்கு. அந்தத் துண்ட எங்க பாத்து வெட்டறேன்னு எனக்குத்தானே தெரியும்."